அம்மாட்ட பறயண்டா

செய்தி வந்தபோது மணி பதினொன்று நாற்பது. நாகர்கோவிலில், நான் வேலை பார்க்கும் பத்திரிகையின் இணையப் பிரிவில், குடிநீர்க் குழாய் உடைந்த செய்தி ஒன்றைச் சுருக்கிக்கொண்டிருந்தேன். அக்கா இருக்கும் நாட்டில் சண்டை தொடங்கியதிலிருந்து, பதினோரு நாட்களாக நான் செல்போனைக் கவிழ்த்து வைத்ததில்லை. விசைப்பலகைக்குப் பக்கத்தில், திரை மேலே பார்த்தபடி கிடக்கும். அதில் அக்காவின் பெயர் வந்தது. கீழே நான்கு வாக்கியங்கள்.

அக்கா ஆங்கில எழுத்தில்தான் அடிப்பாள். ஆனால் மொழி ஆங்கிலம் அல்ல, எங்கள் வீட்டுப் பேச்சு. தமிழ் எழுத்துக்கு மாற்றினால் இப்படி வரும்:

“ஆஸ்பத்திரி ஒழிச்சு. சார்ஜ் இல்ல. விளிக்கண்டா. அம்மாட்ட பறயண்டா.”

பின்னால் உள்ள மூன்றும் தெளிவு. போனில் சார்ஜ் இல்லை. கூப்பிடாதே. அம்மாவிடம் சொல்லாதே. முதல் வாக்கியத்தைப் படித்ததும் மேசைக்கு அடியில் என் வலது கால் ஆடத் தொடங்கியது. கையால் அழுத்திப் பிடித்தேன். கைக்குக் கீழே அது ஆடிக்கொண்டேதான் இருந்தது.

அக்கா நர்ஸ். ஒரு பாலைவன நாட்டின் தலைநகரத்தில் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் ஆறு வருடமாக வேலை. எந்த நாடு என்று எழுத வேண்டாம் என்று கேட்டிருக்கிறாள். அவளோடு வேலை செய்தவர்கள் சிலர் இன்னும் அங்கே இருக்கிறார்கள். எழுதாமல் விடுவதால் வாசிப்பவருக்குப் பெரிய இழப்பும் இல்லை. நான் இந்த வேலைக்கு வந்த பிறகு அதே செய்தியை ஊர்ப்பெயர் மட்டும் மாற்றி நான்கு தடவை எழுதியிருக்கிறேன். சொந்த நாட்டுப் பட்டாளங்கள் இரண்டு ஒன்றையொன்று சுடும். விமான நிலையம் மூடும். மூன்றாம் நாள், நம் ஊர் நர்ஸ்கள் எத்தனை பேர் மாட்டிக்கொண்டார்கள் என்று செய்தி வரும்.

கேரள எல்லைக்குள் இருக்கும் எங்கள் பாறசாலையிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் போர்ச் செய்தியை யாரும் உலகச் செய்தியாகப் படிப்பதில்லை. ஒவ்வொரு இடவழிச் சந்திலும் ஒரு நர்ஸ் உண்டு. பழைய மிஷன் சபைக் குடும்பங்களில் தொடங்கிய வேலை, இப்போது எல்லா வீட்டுக்கும் வந்துவிட்டது. மீன் வாங்க நிற்கிற இடத்தில் ஒருத்தி, “ஏமன்ல இண்ணைக்கு எப்படி உண்டு?” என்று கேட்டால் மற்றவள் மழை நிலவரம் போலப் பதில் சொல்வாள். எங்களுக்கு அந்த நாடுகளின் வரைபடம் தெரியாது. எந்த ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் எந்தப் பாலம் என்பது தெரியும்.

அக்கா மலையாள மீடியம், நான் தமிழ் மீடியம். அப்பா உயிரோடிருந்தபோது செய்த ஏற்பாடு அது. அவளுக்கு நர்சிங், எனக்குத் தமிழ் டீச்சர் வேலை என்று கணக்குப் போட்டிருந்தார். நான் டீச்சராகவில்லை. ஆனால் தமிழ் என் சோறாகிவிட்டது. தமிழ் மீடியம்காரிக்கு ஒழித்தல் என்றால் ஒன்றுதான், இல்லாமல் ஆக்குதல். கொசு ஒழிப்பு, வறுமை ஒழிப்பு, போதை ஒழிப்பு. வாரத்துக்கு மூன்று தலைப்பாவது அந்தச் சொல்லில் போடுகிறவள் நான்.

போதாததற்கு, அன்று காலை பத்தே காலுக்குச் செய்தி நிறுவனத்திடமிருந்து இரண்டு பாரா வந்திருந்தது. அந்த நகரத்தில் ஒரு மருத்துவமனை மீது குண்டு விழுந்தது. மருத்துவமனையின் பெயர் இல்லை. அதற்குத் தலைப்புப் போட்டதும் நான்தான். இரண்டையும் சேர்த்துப் படித்தபோது ஒரு இடைவெளியும் தெரியவில்லை.

எங்கள் தலைமை உதவி ஆசிரியர் இரண்டு மேசை தள்ளி இருந்தார். என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். எழுந்து வந்தார். அக்காவின் குறுஞ்செய்தியைக் காட்டினேன். அவர் நாகர்கோவில்காரர். எங்கள் பேச்சு அவருக்குப் பாதிதான் புரியும்.

“ஒழிச்சுன்னா?”

“அழிச்சுட்டாங்க சார்.”

“உங்க அக்கா?”

“மெசேஜ் அவதான அனுப்பியிருக்கா. உயிரோட இருக்கா.”

“கூட யாரும் நம்ம ஆளுங்க இருக்காங்களா?”

“செங்கல் ஊர்க்காரப் பொண்ணு ஒருத்தி கூட இருக்கா சார். கேரள எல்லைக்கு அந்தப் பக்கம்.”

“எல்லைன்னா நம்ம பக்கம்தான,” என்றார். பிறகு குரலைத் தணித்து, “நீ எழுத வேண்டாம். நான் வேற யார்கிட்டயாவது சொல்றேன்,” என்றார்.

நானே எழுதுகிறேன் என்றேன். இதை மறைக்க வழியில்லை. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. எழுத உட்கார்ந்தால் காலின் ஆட்டம் நிற்கும் என்று எனக்குத் தெரியும், நின்றது. பதினொரு நிமிடத்தில் நான்கு பாரா. கேரள எல்லையோரக் கிராமங்களைச் சேர்ந்த நர்ஸ்கள் பணிபுரிந்த மருத்துவமனை அழிக்கப்பட்டது. அங்கிருந்த நர்ஸ் ஒருவர் தன் குடும்பத்தினருக்குத் தகவல். வேறொருவர் இப்படி ஒரே ஒரு குறுஞ்செய்தியை வைத்துச் செய்தி கொண்டுவந்தால், யாரிடம் உறுதிசெய்தாய் என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருப்பேன். சொந்த அக்கா என்பதால் அந்தக் கேள்வியைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

பன்னிரண்டு மணிக்கு அது இணையத்தில் ஏறியது. பன்னிரண்டு ஐந்துக்கு நான் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அம்மா டிவியில் பார்ப்பதற்கு முன்னால் வீடு போய்ச் சேர வேண்டும். அம்மாவிடம் சொல்லாதே என்று அக்கா எழுதியிருந்தாள். நானோ ஊருக்கே சொல்லிவிட்டு, அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு திருவனந்தபுரம் பஸ்ஸில் ஏறினேன்.

மார்த்தாண்டம் பாலத்தின் மேல் பஸ் போகும்போது போன் வந்தது. செங்கல்லிலிருந்து, அந்தப் பெண்ணின் அம்மா. அக்காவை விடப் பத்து வயது சிறியவள் அவர் மகள்; அக்காதான் அவளை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டது. இந்தப் பதினோரு நாட்களில் அவர் எனக்கு ஆறு தடவை பேசியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் முதலில் என் சுகம் கேட்பார். அன்று கேட்கவில்லை.

“மோளே, ஆஸ்பத்திரி போச்சாமே. ஒரு மலையாளம் டிவியில அடியில எழுத்து ஓடுது. எனக்க கூட வேல செய்யவ போன்ல காட்டினா. எனக்க கொச்சு எங்க?”

பின்னால் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. தொழிலுறப்பு, அதாவது நூறு நாள் வேலை நடக்கிற இடத்திலிருந்து பேசினார். என் நான்கு பாரா ஒரு மணி நேரத்தில் எல்லை தாண்டி, மொழி மாறி, அவர் நின்ற வரப்புக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. என்ன சொன்னேன் என்பது சரியாக நினைவில்லை. வீட்டுக்கு வாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். ஏனென்றால் நான் போய்ச் சேர்ந்தபோது அவர் வந்திருந்தார். ஆட்டோவில் வந்திருக்கிறார். முழங்கை வரை செம்மண் காய்ந்திருந்தது. அம்மா அவருக்குச் சாயா போட்டுக் கொடுத்திருந்தாள்.

அம்மா அங்கன்வாடி டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவள். யார் அழுதாலும் முதலில் குடிக்க ஏதாவது கொடுப்பாள். டிவியை அணைத்து வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

“வா. இவங்க சொன்னாங்க. இப்போ நீ எனக்க மொகத்தப் பாத்துச் சொல்லு. அவ மெசேஜ் போட்டாளா?”

“போட்டா.”

“என்ன போட்டா?”

முதல் மூன்று வாக்கியங்களை மட்டும் வாசித்தேன். நான்காவதை விட்டுவிட்டேன். அக்கா சொன்னபடி செய்கிறேன் என்று அந்த நேரத்தில் எனக்கு ஒரு நினைப்பு.

அம்மா முதல் வாக்கியத்தைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப்பார்த்தாள். பிறகு, “ஆஸ்பத்திரி ஒழிச்சு. இதத்தானா நீ அழிஞ்சுபோச்சுண்ணு எழுதின?” என்றாள்.

“வேற என்னம்மா?”

“எட்டி, ஒழிச்சுண்ணா காலியாக்கிச்சு ஆக்கும். பின்பக்கத்து வாடகக்காரன் போன மாசம் வீட ஒழிச்சுத் தரல்லியா? நீதானே தாக்கோல் வாங்கி வச்ச? வீடு இடிஞ்சா போச்சு?”

தாக்கோல் என்றால் சாவி. அந்தச் சாவி அப்போதும் என் மேசை இழுப்பறையில் இருந்தது.

அம்மா சொன்னது சரி. மலையாளச் செய்தியிலும் மழைக்காலத்தில் ஆட்களை ஒழிப்பிச்சு என்றுதான் வரும். வெள்ளம் ஏறும் இடத்திலிருந்து வெளியேற்றினார்கள் என்று பொருள். முப்பத்தொரு வருடம் இந்த ஊரில் அந்தச் சொல்லை அப்படிக் கேட்டு வளர்ந்தவள் நான். அலுவலக நாற்காலியில் உட்கார்ந்ததும் அது என் காதில் தலைப்புத் தமிழாக மாறிவிட்டது.

“அப்போ கொச்சு வெளிய வந்தாச்சா டீச்சரே?” என்று செங்கல் அம்மா கேட்டார். டம்ளரைக் கீழே வைத்தார்.

“வந்திருப்பா. ரெண்டு பேரும் வந்திருப்பாங்க,” என்றாள் அம்மா.

ஒரு ஐந்து நிமிடம் எங்கள் மூவருக்கும் மூச்சு வந்தது. நான் அலுவலகத்துக்குப் போன் செய்து செய்தியை எடுக்கச் சொன்னேன். எடுத்துவிட்டார்கள். “எழுத்துப் பிழை ஒண்ணுகூட இல்ல, அதான் நான் சந்தேகப்படல,” என்றார் தலைமை உதவி ஆசிரியர். திட்டினாரா ஆறுதல் சொன்னாரா என்று இன்றும் தெரியவில்லை.

இரண்டு இருபதுக்கு அந்த நாட்டிலிருந்து போன் வந்தது. அங்கே உள்ள மலையாளிகள் சேர்ந்து, மாட்டிக்கொண்டவர்களை எல்லைக்குக் கொண்டுபோகப் பஸ் ஏற்பாடு செய்திருந்தார்கள். பட்டியலை வைத்திருந்தவர் கண்ணூர் பக்கத்துக்காரர். அக்காவின் பெயர் பட்டியலில் இருந்ததால் அவசரத் தொடர்புக்கு என் எண் அவரிடம் இருந்தது. களைத்த குரல். ஸ்பீக்கரில் போட்டேன்.

“வார்த்த கண்டு,” என்றார். செய்தியைப் பார்த்தேன் என்றார். அதைத் தொடர்ந்து, மிகவும் வருத்தம் என்றும், அந்த ஆஸ்பத்திரி வாசலுக்குப் போக வேண்டிய பஸ்ஸை வேறு வழியில் திருப்பிவிட்டதாகவும் சொன்னார். அந்தத் தெருவில் இரண்டு பக்கமும் சுடுகிறார்கள். ஆளில்லாத இடத்துக்கு நாற்பது பேர் இருக்கிற வண்டியை அனுப்ப முடியாது.

அந்தச் செய்தி தவறு என்றேன். அதை எழுதியது நான் என்றும் சொன்னேன். ஆஸ்பத்திரி அழியவில்லை, ஒழிப்பிச்சதுதான் என்று விளக்கினேன்.

அவர் அடுத்துக் கேட்ட கேள்வி, என் காதில் விழுந்த கேள்விகளிலேயே பயங்கரமானது. குரலை உயர்த்தவும் இல்லை.

“ஒழிப்பிச்செங்கில் பின்னெ அவிடெ ஆரா உள்ளது?”

காலி செய்துவிட்டார்கள் என்றால் அங்கே யார் இருக்கிறார்கள்?

அழிந்திருந்தால் அங்கே ஆள் இல்லை. காலி செய்திருந்தாலும் அங்கே ஆள் இல்லை. நான் எழுதியதும் அம்மா திருத்தியதும் ஒரே இடத்தில் கொண்டுபோய் நிறுத்தின. இரண்டிலும் பஸ் அந்தத் தெருவுக்குப் போகாது. காலி செய்தபோது அக்காவையும் வெளியேற்றினார்கள் என்றால் எங்கே கொண்டுபோனார்கள்? பஸ் ஆள் ஏற்றும் மற்ற ஆறு இடங்களுக்கு வந்து சேர்ந்தவர்களில் அக்கா பெயர் வரவில்லை. செங்கல் பெண்ணின் பெயரும் வரவில்லை. பஸ் புறப்பட இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது, அதற்குள் ஏதாவது தெரிந்தால் கூப்பிடுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார்.

செங்கல் அம்மா என் போனைக் கையில் வாங்கி அக்காவின் குறுஞ்செய்தியைப் பார்த்தார். அவருக்கு ஆங்கில எழுத்து ஒவ்வொன்றாகத்தான் படிக்க வரும்.

“ழ-வும் ள-வும் இதுல ஒண்ணுதானே மோளே?” என்றார்.

ஒன்றுதான். ல, ள, ழ மூன்றுக்கும் அக்கா ஒரே ஆங்கில எழுத்தைத்தான் போடுவாள்.

“அப்போ ஒளிச்சுண்ணும் வாசிக்கலாமில்லா? ஆஸ்பத்திரியில ஒளிச்சு இருக்காங்கண்ணு?”

வாசிக்கலாம். மலையாள வினைக்கு யார் செய்தார் என்ற வால் கிடையாது. ஒழிச்சார்களா, ஒளிந்தோமா என்று அதிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. ஒரே சொல்லை நாங்கள் மூன்று பேரும் மூன்று விதமாக வாசித்தோம். அவரவருக்கு எது வேண்டுமோ, அல்லது எதைக் கண்டு பயமோ, அதை வாசித்தோம். கண்ணூர்க்காரரிடம் போய், ‘ஒளிந்திருக்கிறார்கள் என்றும் படிக்கலாம்’ என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? நாற்பது பேரை ஏற்றிய வண்டியை ஓர் எழுத்தை நம்பித் திருப்ப மாட்டார். நானாக இருந்தாலும் மாட்டேன்.

கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு முப்பத்தாறு. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ரயில் போனது. பாத்திர அலமாரியில் தட்டுகள் அதிர்ந்தன. தினமும் போகிற ரயில்தான். நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

“போனக் குடு,” என்றாள் அம்மா. “நானும் பாக்கேன்.”

“நான்தான் வாசிச்சனே.”

“நீ மூணு வரி வாசிச்ச. நாலு கெடக்குது.”

கண்ணாடி இல்லாமலே அவளுக்கு எத்தனை வரி என்று தெரிந்திருந்தது. கொடுத்தேன். அவள் கண்ணாடி போட்டு, வாயசைத்து வாசித்தாள். நான்காவது வரிக்கு வந்ததும் முகம் மாறியது. அந்த மாற்றத்தை நான் பயந்தபடி எதிர்பார்த்திருந்தேன். அழுவாள், அல்லது மகள் தன்னிடம் மறைக்கச் சொன்னதற்காகக் கோபப்படுவாள் என்று. இரண்டும் இல்லை. கணக்குப் போடுகிறவள்போல் உட்கார்ந்திருந்தாள்.

“எட்டி, அவ அங்கதான் இருக்கா,” என்றாள். “ஆஸ்பத்திரிக்குள்ள.”

“எப்படிம்மா?”

“அவளுக்குக் காய்ச்சல் வந்தா எப்போ சொல்லுவா? விட்டப்பொறவுதான் சொல்லுவா. ஊசி கையில குத்திச்சே, அண்ணைக்கு எப்போ சொன்னா? ரத்தம் சோதிச்சு ஒண்ணுமில்லண்ணு வந்தப்பொறவு, சிரிச்சுக்கிட்டு. தப்பியாச்சுண்ணா மொதல்ல எனக்குத்தான் விளிப்பா, ஒண்ணப் பத்தாச் சொல்லுவா. இதுல எங்கிட்ட சொல்லண்டாண்ணு போட்டிருக்கா. அப்போ இன்னும் தப்பல்ல.”

செய்தியாளர் பயிற்சியில் எனக்குக் கற்றுக்கொடுத்தது, சொன்னதை மட்டும் எழுது என்பது. யாரிடம் சொல்ல வேண்டாம் என்றார்கள் என்பதும் ஒரு தகவல் என்று யாரும் கற்றுத்தரவில்லை. நான் அந்த வரியை மறைத்து வைத்திருந்ததில், இருந்த நாற்பது நிமிடத்தில் பதினைந்து போயிருந்தது.

கண்ணூர்க்காரரைக் கூப்பிட்டேன். மூன்றாவது முயற்சியில் எடுத்தார். அம்மா போனை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். அவளுடைய மலையாளம் அங்கன்வாடி மலையாளம். சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தித்தான் பேசுவாள்.

“மோனே, ஆ ஆசுபத்ரியில் ஆள் உண்டு. என்றெ மகள் உண்டு. வேறொரு குட்டியும் உண்டு.”

அங்கே ஆள் இருக்கிறார்கள், தன் மகளும் இன்னொரு பெண்ணும் இருக்கிறார்கள் என்றாள். அது அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்டார்.

“என்னோடு பறயண்டா என்னு அவள் பறஞ்ஞிட்டுண்டு. அது கொண்டு அறியாம்.”

என்னிடம் சொல்ல வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள், அதனால் தெரியும். இதை அவர் எப்படி எடுத்துக்கொள்வார் என்று எனக்குத் தெரியவில்லை. எதிர்ப்பக்கம் யாரோ அரபியில் கத்துவதும் ஒரு வண்டி ஹாரன் அடிப்பதும் கேட்டது. அவர் அம்மாவின் வயதைக் கேட்டார். அறுபத்தாறு என்றாள். தனக்கும் ஊரில் அம்மா உண்டு என்றார். பிறகு, “அஞ்சு மினிட்டு,” என்றார். வண்டி வாசலில் ஐந்து நிமிடம் நிற்கும். ஹாரன் அடிக்கும். ஆறாவது நிமிடம் நிற்காது.

அதன்பின் எங்களுக்குச் செய்ய ஒன்றும் இல்லை. அம்மா பைபிளின் சங்கீதப் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்தாள், திறக்கவில்லை. செங்கல் அம்மா மகேஸ்வரம் சிவன் கோயிலில் நேர்ந்துகொண்டதைச் சத்தமாகச் சொன்னார். பிறகு, கேட்கக்கூடாத வீட்டில் சொல்லிவிட்டோமோ என்று அம்மாவைப் பார்த்தார். “சொல்லுங்க, சொல்லுங்க. இப்போ ஆரு கேட்டா என்ன?” என்றாள் அம்மா. நான் அந்த நாற்பது பேரை நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் மூன்று பெண்கள் ஒரு வரியை வாசித்ததால் அவர்கள் சுடுகிற தெருவுக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கு ஏதாவது ஆனால் அதுவும் நான் எழுதியதுதான்.

நாலு பத்துக்குக் கண்ணூர்க்காரர் கூப்பிட்டார். வண்டி அந்தத் தெருவைத் தாண்டிவிட்டது. ஒரு கண்ணாடி மட்டும் உடைந்தது. ஆளுக்குச் சேதம் இல்லை.

“ரெண்டு பேரு கேறி,” என்றார். இரண்டு பேர் ஏறினார்கள்.

செங்கல் அம்மா எழுந்துவிட்டார். இரண்டு என்றால் இரண்டு பேருடைய பிள்ளைகளும்தான். எங்களுக்கு அப்படித்தான் கேட்டது. பெயர் சொல்லுங்கள் என்றேன். அவர் வண்டியில் இல்லை, டிரைவரிடம் கேட்டுச் சொல்ல வேண்டும் என்றார். அதற்கு முன்பே வேறொரு எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பஸ்ஸில் யாரிடமோ கடன் வாங்கிய போன். செங்கல் பெண்.

அவள் தன் அம்மாவைக் கேட்கவில்லை. அவர் எங்கள் வீட்டில் இருப்பது அவளுக்குத் தெரியாது. “ஆன்ட்டி,” என்றாள். எங்கள் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவாள். “சேச்சி கேறல்ல ஆன்ட்டி.”

அக்கா ஏறவில்லை.

அவள் விட்டுவிட்டுச் சொன்னதை வரிசைப்படுத்தினால் இவ்வளவு. காலையில் நடக்க முடிந்த நோயாளிகளையும் ஸ்டாஃபையும் வெளியேற்றினார்கள். மூன்றாம் மாடியில் சுவாச மெஷினில் இருந்த மூன்று பேரை அசைக்க முடியவில்லை. ஆம்புலன்ஸ் வருகிறேன் என்றது, வரவில்லை. அந்த ஊர் டாக்டர் ஒருவரும் மூன்று நர்ஸ்களும் நின்றார்கள். ஹாரன் கேட்டதும் அக்கா இவளையும் கோட்டயத்துக்காரி ஒருத்தியையும் படியில் இறக்கி வாசல் வரை கொண்டுவந்து ஏற்றினாள். டிரைவர் கையைப் பிடித்து இழுத்திருக்கிறார். “மேல மூணு பேரு உண்டு, டாக்டர் தனியா ஒற்றைக்காக்கும். அடுத்த வண்டியில வாறேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிட்டாள்.

அம்மா போனைச் செங்கல் அம்மாவிடம் கொடுத்தாள். “பேசுங்க. ஒங்க மகளாக்கும்.”

அவர் வாங்கவில்லை. சந்தோஷப்பட வெட்கப்பட்ட ஒருவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. போனைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், செம்மண் கையைப் புடவையில் துடைத்தார். அம்மாதான் அவர் காதில் போனை வைத்துப் பிடித்தாள்.

அடுத்த வண்டி வரவில்லை. மறுநாள் அந்த ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துப் பாலம் உடைந்தது. செங்கல் பெண் நான்காம் நாள் திருவனந்தபுரத்தில் வந்து இறங்கினாள். அதற்குப் பிறகும் அவள் அம்மா தினமும் காலை பஸ்ஸில் எங்கள் வீட்டுக்கு வந்தார். வேலைக்குப் போகவில்லை. வந்து அம்மாவோடு உட்கார்ந்திருப்பார், மரச்சீனிக் கிழங்கின் தோல் உரிப்பார், சாயங்காலம் போவார். மகள் வீட்டில் தனியாக இருப்பாளே என்று அம்மா சொன்னால், “அவ ஒறங்குகா. ஒறங்கட்டு,” என்பார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கூசியது. என் செய்தியைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

நான் இரண்டு வரியில் திருத்தம் எழுதிக் கொடுத்தேன், இணையத்தில் வந்தது. வெளிநாட்டுச் செய்தியிலிருந்து என்னை விளையாட்டுப் பக்கத்துக்கு மாற்றினார்கள். வேலையில் தவறு வரவில்லை. ரயிலில் பக்கத்தில் இருப்பவரின் போன் அடித்தால் மட்டும் நான் எழுந்து நின்றுவிடுவேன். அந்த நகரத்தின் பெயர் வருகிற இடத்தில் கண்ணை அடுத்த பத்திக்குத் தாவவிடப் பழகிக்கொண்டேன். அம்மா ஒரு நாளும் அழவில்லை. குளிக்கப் போகும்போதுகூட என் போனைக் கேட்டு வாங்கி, குளியலறைக்கு வெளியே ஸ்டூலில் வைத்துவிட்டுத்தான் போனாள்.

அக்காவின் குறுஞ்செய்தி வந்த பதினான்காம் நாள், ஞாயிற்றுக்கிழமை. அம்மா சபைக்குப் போகவில்லை. பதினொன்று இருபதுக்குத் தெரியாத எண்ணிலிருந்து வீடியோ அழைப்பு. எடுத்ததும் கூரை தெரிந்தது, பிறகு ஒரு காது, பிறகு அக்கா. எல்லைக்கு அந்தப் பக்கம், அடுத்த நாட்டில், ஏதோ பள்ளிக்கூடம். மூன்று நோயாளிகளில் இரண்டு பேரை ராணுவ ஆம்புலன்ஸில் ஏற்றியபோது கூடவே ஏறி வந்திருக்கிறாள். மூன்றாமவர் அதற்கு இரண்டு நாள் முன்பு இறந்துவிட்டார்.

என்னைத்தான் முதலில் பார்த்தாள்.

“எட்டி, நீ என்னக் கொன்னு நாலு பாரா எழுதினியாமே? போட்டோவாவது நல்லதாப் போட்டியா?”

அம்மா என் கையிலிருந்து போனை வாங்கினாள். சுகமா என்று கேட்கவில்லை, சாப்பிட்டாயா என்றும் கேட்கவில்லை.

“கையக் காட்டு,” என்றாள்.

“அம்மா, எனக்கு ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லண்ணு நீ எப்பவும் சொல்லுவ. ரெண்டு கையும் காட்டு.”

அக்கா போனை எதன்மேலோ சாய்த்து வைத்துவிட்டு இரண்டு கைகளையும் நீட்டினாள். அம்மா விரல்களை எண்ணினாள். வாயசைந்தது தெரிந்தது. செங்கல் அம்மாவும் குனிந்து எண்ணினார்.

“காலு?”

அக்கா சிரித்தாள். முகம் எலும்பாக இருந்ததால் சிரிப்பு பெரிதாகத் தெரிந்தது. போனைக் கீழே திருப்பினாள். ஆண்கள் போடுகிற ரப்பர் செருப்பு, ஒரு கால் நீலம், மறு கால் கறுப்பு.

“நட,” என்றாள் அம்மா.

“என்னது?”

“நடந்து காட்டு. நான் பாக்கணும்.”

போனைப் பிடித்துக்கொள்ள அவள் யாரையோ கூப்பிட்டாள். படம் ஆடி நின்றது. நீளமான வராந்தா, சுவரோரம் பாய்களில் ஆட்கள். அக்கா எங்களுக்கு முதுகைக் காட்டி நடக்கத் தொடங்கினாள். நாலு அடி, ஐந்து அடி. இடது காலைக் கொஞ்சம் இழுத்து வைத்தாள்.

“நடக்கா,” என்றார் செங்கல் அம்மா.

“இடது காலு,” என்றாள் அம்மா. “என்னமோ உண்டு. சொல்லமாட்டா.” திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “இன்னும் நட. திரும்பி வா,” என்றாள்.

அக்கா வராந்தாவின் கடைசி வரை போய், திரும்பி, எங்களைப் பார்த்து நடந்து வந்தாள்.